நாலு விரற்கடை உயரத்தில் சிதம்பரவடிவு

உப்போடை அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில், ஒரு புரட்டாசி மாத வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி வாக்கில், மாவு மில்லுக்காரர் அரிகிருஷ்ணனின் மனைவி சிதம்பரவடிவு தரையை விட்டு நாலு விரற்கடை மேலே எழும்பினாள் என்பதில் அந்த ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. சந்தேகமெல்லாம் அன்றைக்கு வார்டில் கொடுத்தது தட்டைப்பயறா கொண்டைக்கடலையா என்பதிலும், அந்த நேரம் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததா நின்றிருந்ததா என்பதிலும்தான், அந்த இரண்டைப் பற்றியும் இப்போதும் டீக்கடையில் சண்டை நடக்கிறது. ஏன் எழும்பினாள் என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், எழும்பினாள், அதற்கென்ன இப்போது என்று சொல்லிவிட்டு மறுபடியும் கடலைக்கே போய்விடுவார்கள்.

ஏன் எழும்பினாள் என்பது யாருக்கும் தெரியாவிட்டாலும், ஏன் இறங்கவில்லை என்பது ஒருத்திக்குத் தெரியும். அவள் நர்ஸ் ஜெபக்கனி. தெரிந்ததை ஐந்து மாதம் ஒருவரிடமும் சொல்லாமல் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு அவள் பட்ட பாட்டைச் சொல்வதுதான் இந்தக் கதை.

ஜெபக்கனிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பட்டணத்து மனநல ஆஸ்பத்திரியில் ஒரு வருடம் பயிற்சி எடுத்துவிட்டு வந்து, மருந்துக் கிடங்காகக் கிடந்த ஹாலைக் கூட்டித் துடைத்து, பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, வியாழன்தோறும் நோயாளிகளைக் கூட்டி உட்காரவைக்க ஆரம்பித்திருந்தாள். சர்க்கார் காகிதத்தில் அதற்குக் குழு சிகிச்சை என்று பெயர், ஊர் அதை வட்டம் என்றது. டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் வருவார், மாத்திரை எழுதுவார், போவார். நடுவில் கிடக்கும் வியாழக்கிழமை ஜெபக்கனியுடையது. வட்டத்தில் முதலில் ஒவ்வொருவரும் அந்த வாரத்தில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும், பெரிய காரியமாக இருக்க வேண்டியதில்லை, புளி கரைத்தேன் என்றாலும் போதும். பிறகு ஜமுக்காளத்தில் படுத்துக் கண்ணை மூட வேண்டும், ஜெபக்கனி கால் கட்டைவிரலில் ஆரம்பித்து உச்சந்தலை வரை ஒவ்வொரு இடத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தளர்த்திக்கொண்டே போவாள், கடைசியில் பத்திலிருந்து ஒன்று வரை இறங்குமுகமாக எண்ணுவாள், ஒன்று என்றதும் எல்லோரும் கண்ணைத் திறந்து உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். பயிற்சியில் அவளுக்கு மிகக் கண்டிப்பாகச் சொன்ன விதி இது: எண்ண ஆரம்பித்தால் நடுவில் எழுந்திருக்கக் கூடாது, கட்டடம் எரிந்தாலும் ஒன்று வரை எண்ணிவிட்டுத்தான் ஓட வேண்டும்.

ஜெபக்கனிக்கு ஒரு தீராத ஆவல் உண்டு. பத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் இவர்கள் எங்கே போய்விட்டு வருகிறார்கள், அந்த இடம் எப்படி இருக்கும், அங்கே காற்று உண்டா, பக்கத்தில் படுத்திருப்பவர் தெரிவாரா என்றெல்லாம் தெரிந்துகொள்ள ஆசை. எண்ணுகிறவள் கூடப் போக முடியாது என்பதால், திரும்பி வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

சிதம்பரவடிவு ஆஸ்பத்திரிக்கு வந்த விதமே தனி. இருபத்திரண்டு வருடமாக மில்லில் நின்றே வேலை பார்த்தவள். கோதுமை கொட்டுவாள், மிளகாய் கொட்டுவாள், மாவு பிடிப்பாள், அரிகிருஷ்ணன் மேசையில் உட்கார்ந்து பேப்பர் வாசித்தபடி வருகிறவர்களிடம் ஊர்க்கதை பேசுவார். ஒரு ஆடி மாதக் காலையில், பாதி கம்பு அரைபட்டுக்கொண்டிருக்கும்போதே, அவள் ஓரத்தில் கிடந்த சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தாள், பிறகு எழுந்திருக்கவில்லை. திட்டிப் பார்த்தார்கள், கெஞ்சினார்கள், மந்திரித்தார்கள், அவள் வாய் திறக்கவில்லை, சோறு கொடுத்தால் தின்றாள், அவ்வளவுதான். பதினேழாம் நாள், அவளை நாற்காலியோடு தூக்கி லோடு ஆட்டோவில் வைத்து, கயிறு கட்டி, ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினார்கள். அந்த நாற்காலி வட்டத்தில் பதின்மூன்றாவதாகச் சேர்ந்தது, தூங்கும்போதும் வட்டத்தில் படுக்கும்போதும் மட்டும் இரண்டு பேர் பிடித்து அவளைப் படுக்கைக்கும் ஜமுக்காளத்துக்கும் மாற்றினார்கள். அவள் சொன்னதைச் செய்கிற நோயாளி. கண்ணை மூடு என்றால் மூடுவாள், திற என்றால்தான் திறப்பாள், எழுந்திரு என்ற ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் கட்டுப்பட்டாள்.

அந்தப் புரட்டாசி வியாழனன்று ஜெபக்கனி பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணி, ஏழு, ஆறு, ஐந்து என்று இறங்கி, நாலு என்று சொல்லி வாயை மூடுவதற்குள் மேட்ரன் தில்லைநாயகி வாசலில் வந்து நின்றார்.

"ஜெபக்கனி, ஜே.டி. கார் உள்ள வந்தாச்சு. ரெஜிஸ்டர எங்க வச்சிருக்கீய? ஓடி வாங்க."

ஜே.டி. என்றால் மாவட்டத்து ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் மேலான அதிகாரி. அவர் கார் சத்தம் கேட்டால் காய்ச்சல்காரன்கூட நிமிர்ந்து படுப்பான். ஜெபக்கனி எழுந்து ஓடினாள். இருபது நிமிடம் ரெஜிஸ்டரைப் புரட்டிக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது, மற்ற எல்லோரும் தாமாகவே எழுந்து தலையைக் கோதிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிதம்பரவடிவு மட்டும் கண்ணை மூடியபடி படுத்திருந்தாள், அவளுக்கும் ஜமுக்காளத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் பிச்சைக்கண்ணு, எதைப் பார்த்தாலும் எண்ணாமல் இருக்க முடியாது என்பதற்காக வட்டத்துக்கு வருகிறவர், குந்தி உட்கார்ந்து அந்த இடைவெளியில் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், நாலு விரக்கட இருக்கு. ரெண்டு பக்கமும் அளந்துட்டேன், வித்தியாசம் இல்ல."

ஜெபக்கனி ஜமுக்காளத்துக்கு ஓடினாள். மண்டியிட்டு, வடிவின் காதருகில் குனிந்து, மூணு என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வடிவு கண்ணைத் திறந்துவிட்டாள். மேலே பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள், பிறகு நாற்பது நாளுக்கு மேல் எழுந்திருக்காதவள், யாரும் சொல்லாமலே, முழங்காலை மடக்கி நிமிர்ந்து நின்றாள், பாதத்துக்குக் கீழே நாலு விரற்கடைக்கு ஒன்றுமில்லை.

"வடிவக்கா, கண்ண மூடிக்கிடுங்க. இன்னும் மூணு நம்பர் பாக்கி இருக்கு."

"வேண்டாம் சிஸ்டர்."

இதுதான் அவள் ஆடி மாதத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை. பிடரியில் கத்தரிக்கோல் வைத்தாலும் சரி என்று சொல்லக்கூடிய பெண்பிள்ளை வேண்டாம் என்று சொன்னதைக் கேட்டு வட்டமே அசந்துபோயிற்று. கண்ணைத் தானாக மூடாதவருக்கு எண்ணக் கூடாது என்பதும் பயிற்சியில் சொன்னதுதான், ஆகவே ஜெபக்கனி எண்ணவில்லை. குறிப்பேட்டில், நோயாளி எழுந்து நின்றார், 'வேண்டாம்' என்று பேசினார், முன்னேற்றம் தெரிகிறது என்று எழுதினாள். நிறை என்ற கட்டத்தில், எடை மெஷினின் முள் அசையவில்லை என்று எழுதினாள். நாலோடு நிறுத்தியதை மட்டும் எழுதவில்லை. டாக்டர் வெள்ளிக்கிழமை வந்து, எழுந்து நடக்கிறார், பேசுகிறார், சாப்பிடுகிறார் என்ற மூன்றையும் டிக் போட்டு, காலைக் குனிந்து பார்த்துவிட்டு, வீட்டுக்கு அனுப்பலாம், வியாழன்தோறும் வரட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முதல் வாரம் ஊர் திரண்டு வந்தது. அம்மன் கோயில் பூசாரி மாலையோடு வந்தார், சர்ச்சிலிருந்து ஜெபக்குழு வந்தது, இரண்டு பேருக்கும் வடிவு வேண்டாம் என்றாள், அந்த வார்த்தை அவளுக்குப் பழகிவிட்டிருந்தது. மேல்நிலைப் பள்ளி அறிவியல் வாத்தியார் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து, அவள் காலுக்கடியில் ஸ்கேலை நீட்டி, ஏழு சென்டிமீட்டர் என்று குறித்துக்கொண்டு, இதை நோட்டில் எழுதாதீர்கள், பரீட்சையில் வராது என்று சொல்லிக் கூட்டிப்போனார். டவுன் பஸ்ஸில் அவளுக்கு நிற்கிற பயணி என்று டிக்கெட் கொடுப்பதா என்று தகராறு வந்தபோது, பிச்சைக்கண்ணுவிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். இருபத்தொன்பது வருட சர்வீஸில் கால் தரையில் இல்லாதவர்களைப் படிக்கட்டில்தான் பார்த்திருக்கிறேன், படிக்கட்டுக்கும் டிக்கெட் உண்டு என்று அவர் தீர்ப்புச் சொன்னார்.

இரண்டாம் வாரம் கூட்டம் பாதியாயிற்று. மூன்றாம் வாரம், தெருப் பெண்கள் அவளைக் கடந்துபோகும்போது காலைப் பார்ப்பதை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள். அவள் யார் வீட்டு வாசலில் நடந்தாலும் கோலம் கலையாது என்பதால் விடியற்காலையில் அவளைக் கண்டால் எல்லோருக்கும் சந்தோஷம். கொத்தனார் ஈரச் சிமெண்டுத் தரையைப் பூசிவிட்டு, உள்ளே மறந்து வைத்த மட்டக்கோலை எடுத்துத்தரச் சொல்லி அவளுக்கு ஆள் அனுப்பினார். ஐப்பசி மழையில் தெருவெல்லாம் கணுக்கால் தண்ணீர் நின்றபோது அவள் சேலைக்கரை நனையாமல் போய் வருவதைப் பார்த்து, 'ஏ வடிவு, ஒனக்குத்தான் நனையாதே, அப்படியே மெடிக்கல்ல இந்தச் சீட்டக் காட்டி மாத்திரை வாங்கிட்டு வந்துரு' என்று நாலு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். கார்த்திகை பிறப்பதற்குள், புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள் மட்டும்தான் அவளை நின்று பார்த்தார்கள், அவர்களையும் மாமியார்கள் இடித்து, வேடிக்கை பார்க்காதே, நம்ம வடிவுதான் என்று இழுத்துக்கொண்டு போனார்கள்.

வட்டத்தில் மட்டும் ஆவல் குறையவில்லை. மின்விசிறியை வேகமாக வைத்தால் வடிவு பக்கத்து நாற்காலிப் பக்கம் மெல்ல நகர்ந்துவிடுவாள் என்பதால் ரெகுலேட்டரை இரண்டுக்கு மேல் வைப்பதில்லை என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். சிவப்பு நாற்காலியில் அவள் உட்கார்ந்தால் நாற்காலிக்கு மேலும் அதே நாலு விரற்கடை. நாற்காலிக்கு அவள் வந்ததே தெரியாது. கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் ஜெபக்கனி பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள்.

"அங்கன எப்படித்தான் இருக்கு வடிவக்கா?"

"அமைதியா இருக்கு சிஸ்டர். மில்லு ஓடுச்சுன்னா தரை அதிரும்லா, அது உள்ளங்கால் வழியா ஏறி, முட்டி, இடுப்புன்னு வந்து பல்லு வரைக்கும் நிக்கும். ராத்திரி படுத்தாலும் பல்லு ஆடிக்கிட்டே கெடக்கும். இருவத்திரெண்டு வருசம். இப்ப அது ஏறி வரல."

"காத்து உண்டா?" என்றாள் தையல்காரி மரியசெல்வம். அவள் எதையும் கேட்காமல் விடுகிறவள் அல்ல.

"உண்டு. கொஞ்சம் குளுந்த காத்து."

ஜெபக்கனிக்கு அன்றைக்கு ஒரு ஆறுதல் வந்தது. நாம் செய்தது தப்புதான், ஆனால் தப்பு நல்லதாக முடிந்திருக்கிறதே, போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள். மனுஷிதானே, தன் தப்பு நல்லதாக முடிய வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இருக்காது.

ஆனால் வடிவு திரும்பப் போய் நின்ற மில்லில் வேறு காரியம் நடந்துகொண்டிருந்தது. கால் படாமல் அரைத்த மாவு சுத்தமான மாவு என்று யார் கிளப்பிவிட்டார்களோ, பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் கோயில் மாவிளக்குக்கும் கல்யாணப் பலகாரத்துக்கும் அரிசியைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். காலை எட்டுக்குத் திறந்த மில் ஆறுக்குத் திறந்தது, பிறகு ஐந்துக்குத் திறந்தது. மார்கழியில் அரிகிருஷ்ணன் இரண்டாவது மெஷின் போட்டார், அதற்கு ஆள் போடவில்லை, வடிவுக்குத்தான் கால் வலிக்காதே, இரண்டையும் அவளே பார்த்துக்கொள்வாள். அவர் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை, மனைவியைப் பற்றி வருகிறவர்களிடம் பெருமையாகப் பேசுவார், உட்கார்ந்துகொண்டு பேசுவார். தை பிறந்து பொங்கல் மாவு முடிந்து வந்த வியாழனில் வடிவைப் பார்த்த ஜெபக்கனிக்குச் சுருக்கென்றது. தலைமுடியில் மாவு, புருவத்தில் மாவு, கழுத்தெலும்பு இரண்டும் தெரிந்தன, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, பாதம் மட்டும் பழைய பித்தவெடிப்பெல்லாம் மறைந்து, பிறந்த பிள்ளையின் பாதமாகச் சிவந்து மெத்தென்று இருந்தது.

மாசி மாதத்தில் ஜே.டி.யிடமிருந்து கடிதம் வந்தது. சென்னையிலிருந்து ஒரு குழு வருகிற திங்கட்கிழமை வந்து அந்தப் பெண்மணியைப் பார்வையிடும், அதுவரை அவரை இப்போதுள்ள உயரத்திலேயே பராமரிக்கவும் என்று சொல்லியிருந்தார். மேட்ரன் அந்தக் கடிதத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டி, ஹாலுக்கு வெள்ளையடிக்க ஏற்பாடு செய்தார்.

அந்த வாரத்து வியாழனில் வட்டம் கூடியது. மரியசெல்வம், ஒரு ஜாக்கெட்டுக்கு அளவு தப்பாமல் கொக்கி வைத்தேன் என்றாள். பிச்சைக்கண்ணு, சாப்பிடும்போது பருக்கையை எண்ணவில்லை, ஒரே ஒரு நாள் தவிர என்றார். வடிவின் முறை வந்தது.

"இந்த வாரமும் எனக்குக் கால் வலிக்கல," என்றாள். புகார் சொல்கிறவளின் குரலில் சொன்னாள்.

"நல்லதுதானக்கா?" என்றாள் மரியசெல்வம்.

"நல்லதுன்னுதான் நானும் இருந்தேன். முன்னெல்லாம் கால் வீங்கிச்சுன்னா, மொளகா அரைக்க வார பொம்பளையளாவது, ஏ வடிவு, செத்த நேரம் உக்காரேன்னு சொல்லுவாவ. இப்ப வலிக்கலன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. உக்காருன்னு ஒருத்தர் வாயிலயும் வரல. எனக்கே வரல சிஸ்டர். அஞ்சு மணிக்கு நிக்கேன், சாயங்காலம் பாத்தா அப்படியே நிக்கேன். கை நடுங்குது, கண்ணு இருட்டுது, கால் மட்டும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்குது. எனக்கு என் கால் வலி வேணும். அந்த மூணு நம்பரையும் குடுத்துருங்க."

ஜெபக்கனிக்கு நோட்டீஸ் போர்டுக் கடிதம் நினைவுக்கு வந்தது, மீறினால் வரும் மெமோ நினைவுக்கு வந்தது, அதற்கெல்லாம் முன்னால் ஐந்து மாதமாக வயிற்றில் கிடந்தது வாய்க்கு வந்தது.

"வடிவக்கா, அன்னைக்கு நான்தான் நாலுல நிப்பாட்டிட்டு எந்திரிச்சுப் போனேன். ஒங்களுக்கு இப்படி ஆனது என்னாலதான். யார்கிட்டயும் சொல்லல."

"தெரியும் சிஸ்டர். நாலு கேட்டுச்சு. மூணு வரும், மூணு வரும்னு காத்துக்கிட்டே கெடந்தேன்."

"என்மேல கோவமா?"

"கொஞ்சம் இருந்துச்சு. பொறவு குளுந்த காத்து அடிச்சுது, விட்டுட்டேன்."

ஜெபக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மின்விசிறியை நிறுத்தினார்கள். வடிவு ஜமுக்காளத்துக்கு மேலே நாலு விரற்கடையில் படுத்துக் கண்ணை மூடினாள், தானாகவே மூடினாள். பிச்சைக்கண்ணு யாரும் கேட்காமலே பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கட்டைவிரலை மடக்கி, நாலு விரலையும் ஒட்டவைத்து, அவள் முதுகுக்கடியில் கையை நுழைத்துக்கொண்டார். ஜெபக்கனி கால் கட்டைவிரலிலிருந்து கூப்பிட ஆரம்பித்தாள். கட்டைவிரலே தளர்ந்துகொள், பாதமே தளர்ந்துகொள், குதிகாலே தளர்ந்துகொள், நின்ற முழங்காலே, குனிந்த இடுப்பே, கொட்டிய கையே, அதிர்ந்த பல்லே, மாவு படிந்த புருவமே என்று, எழுதி வைத்ததில் இல்லாததையெல்லாம் சேர்த்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தளர்த்தினாள். பிறகு பத்து என்றாள். ஒன்பது என்றாள். எட்டு, ஏழு, ஆறு என்று இறங்கினாள். ஐந்து என்றாள். நாலு என்றாள்.

"ஜெபக்கனி!" வாசலில் மேட்ரன் கையில் போனோடு நின்றார். "ஜே.டி. லைன்ல இருக்காரு. திங்கக்கெழம விசயமா ஒங்ககிட்டத்தான் பேசணுமாம். எந்திரிங்க."

வட்டம் மொத்தமும் ஜெபக்கனியின் முகத்தைப் பார்த்தது. படுத்திருந்தவளின் கண்ணிமை ஒருமுறை துடித்தது. ஜெபக்கனி எழுந்திருக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வட்டம் நடக்கு மேடம். முடிச்சிட்டுத்தான் வருவேன்னு சொல்லிருங்க."

மேட்ரன் போனைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றார். அவரும் பார்க்கத்தான் ஆசைப்பட்டார்.

"மூணு," என்றாள் ஜெபக்கனி. பிச்சைக்கண்ணு சுண்டுவிரலை வெளியே எடுத்தார்.

"ரெண்டு." மோதிரவிரலை எடுத்தார்.

ஒன்று என்று சொல்ல வேண்டும். ஜெபக்கனிக்கு நாக்கு எழவில்லை. சொன்னால் அந்த அமைதி போய்விடும், குளிர்ந்த காற்று போய்விடும், மில்லின் அதிர்வு மறுபடியும் பல் வரைக்கும் ஏறும், அதை நம் வாயால் எப்படிக் கொடுப்பது என்று மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். படுத்திருந்தவள் கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தாள்.

"ஒண்ணு," என்றாள் சிதம்பரவடிவு.

ஜமுக்காளத்திலிருந்து தூசி எழும்பியது. பிச்சைக்கண்ணு ஒரு விரலை எடுத்துவிட்டு மற்றொன்றை எடுக்க மறந்து, "விரல், விரல்!" என்று கத்தினார். அவரை விடுவித்து, வடிவைத் தூக்கி நிறுத்தினார்கள். மெத்தென்ற அந்தப் பாதங்கள் சிமெண்டுத் தரையில் பட்டதும், "யம்மா! வலிக்கு! சிஸ்டர், வலிக்கு!" என்று அலறினாள், அலறிக்கொண்டே சிரித்தாள், சிரிப்பு அழுகையாயிற்று, மரியசெல்வத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் வலிக்கு, வலிக்கு என்று சொல்லியபடி அந்தச் சிவப்பு நாற்காலி வரை நடந்துபோய் உட்கார்ந்தாள். நாற்காலி கிரீச்சென்றது. ஐந்து மாதமாக அந்தச் சத்தம் வரவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

வெளியே பைக்கில் காத்திருந்த அரிகிருஷ்ணன், சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். மனைவியின் காலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"என்ன வடிவு இது, எறங்கிட்டியா? சரி, சரி, வா. மில்லுல கூட்டம் நிக்கி."

"கால் வலிக்கு. நான் உக்காந்திருக்கேன்."

"எப்ப வருவ?"

"வலி நின்ன பொறவு."

அவர் ஜெபக்கனியைப் பார்த்தார். ஜெபக்கனி எடை மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அவருக்குப் பதில் சொல்கிற வேலை தன்னுடையது இல்லை என்பதைப்போல. அவர் தனியாகப் போய் பைக்கை உதைத்தார். அன்றைய குறிப்பேட்டில், நிறை நாற்பத்து மூன்று கிலோ, மிகவும் குறைவு, குதிகாலில் வலி இருக்கிறது, நோயாளி தாமாக உட்கார்ந்தார் என்று எழுதியிருக்கிறது.

ஊருக்குக் கொஞ்ச நாள் கோபம் இருந்தது. இருந்த ஒரு அதிசயத்தையும் கெடுத்துவிட்டாளே இந்த நர்ஸ் என்று பேசினார்கள். சென்னைக் குழு வந்து, வெள்ளையடித்த ஹாலைப் பார்த்து, டீ குடித்துவிட்டுப் போயிற்று. ஜெபக்கனிக்கு மெமோ வந்தது. விளக்கம் கேட்ட இடத்தில், தொடங்கிய எண்ணிக்கை முடிக்கப்பட்டது என்று ஒரே வரி எழுதி அனுப்பினாள், அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியாமல் மேலிடமும் விட்டுவிட்டது. நாலோடு நிறுத்தினால் வேறு யாராவது எழும்புவார்களா என்று அறிய அவளுக்கு இப்போதும் கையரிக்கத்தான் செய்கிறது, ஆனாலும் ஒவ்வொரு வியாழனும் கதவை உள்பக்கம் தாழ் போட்டுவிட்டு ஒன்று வரை எண்ணுகிறாள்.

வடிவு இறங்கி இரண்டு வாரம் கழித்து வந்த வியாழனன்று வட்டம் ஆரம்பித்துப் பாதியில் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தால் அரிகிருஷ்ணன். தலைமுடியில் மாவு, மீசையில் மிளகாய்ப் பொடி, இரண்டு நாற்காலியின் முதுகை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நடந்தார்.

"சிஸ்டர், பதினஞ்சு நாளா ரெண்டு மெசினையும் நானே நின்னு பாக்கேன். ரெண்டு காலும் எனக்கில்ல. பல்லு வேற ஆடுது. மாத்திரை இருக்கா?"

"டாக்டர் நாளைக்கு வருவாரு அண்ணாச்சி. இப்ப இங்கன வந்து படுங்க."

அவர் முனகிக்கொண்டே ஜமுக்காளத்தில் நீட்டிப் படுத்தார், கண்ணை மூடினார், ஜெபக்கனி கட்டைவிரலைக் கூப்பிட ஆரம்பித்தாள். சிவப்பு நாற்காலியில் இரண்டு பாதங்களையும் தரையில் பதித்து உட்கார்ந்திருந்த சிதம்பரவடிவு கொஞ்சம் முன்னால் குனிந்தாள்.

"சிஸ்டர்," என்றாள், "இவியளுக்கு மட்டும் ஒண்ணு வரைக்கும் முழுசா எண்ணிருங்க."